பாட்டிலும் பார்சலும்: கலூர் வீடுகளுக்குச் சில குறிப்புகள்

கொச்சியில் கலூர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி வாடகைக்கு வீடெடுத்துத் தங்கும் பிள்ளைகளிடம் புதிதாக ஓர் ஆசை முளைத்திருக்கிறது. பெங்களூருவில் இருக்கும் நண்பன் அங்கே கிடைக்கும் கிராஃப்ட் பீரை, அதாவது சின்ன பீர் ஆலைகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ச்சும் பீரை, பார்சலில் அனுப்புவானாம். பதிலுக்கு இங்கிருந்து வேறு பாட்டில் போக வேண்டுமாம். "அத்தை, நீங்கள்தான் ஊறுகாய் பாட்டிலெல்லாம் உடையாமல் கட்டி அனுப்புவீர்களே, சொல்லித் தாருங்கள்" என்று வந்து நிற்கிறார்கள். அமெரிக்காவில் இப்படி மாற்றிக்கொள்வது பலருக்குப் பொழுதுபோக்கு. கொச்சியில் இது சரிப்படாது என்பதுதான் என் பதில். சட்டம் விடாது, சட்டம் விட்டாலும் இந்த ஊர் வெயில் விடாது. ஆனால் பாட்டில் கட்டத் தெரிந்திருப்பது வீட்டுக்கு நல்லது. அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

1. "காசு வாங்கவில்லை, மாற்றிக்கொண்டோம், அவ்வளவுதானே?" என்று யாராவது கேட்டால், கேரளத்தின் மதுச் சட்டமான ஆப்காரிச் சட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கேரளம் முழுதும் இன்று நடப்பில் உள்ள இந்தச் சட்டம் பழைய கொச்சி சமஸ்தானத்தில் பிறந்தது. கொல்லம் ஆண்டு 1077-இன் முதலாம் சட்டம் என்று இன்றும் அதற்குப் பெயர். நம் கணக்கில் அது 1902. பரிசாகக் கொடுப்பது தவிர வேறு எந்த வகையில் கைமாறினாலும் அது விற்பனைதான் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. ஒரு பாட்டிலுக்கு இன்னொரு பாட்டில் என்பது பரிசு ஆகாது. உரிமம் இல்லாத விற்பனை என்றே கணக்கு. அனுமதியில்லாமல் மதுவைக் கொண்டுவருவது, கொண்டுபோவது போன்ற குற்றங்களுக்கு 10 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 1 லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. நாலு டின் பீருக்கு இவ்வளவா என்று கேட்கலாம். கேட்கிற இடம் கோர்ட்டாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

2. வீட்டில் வைத்துக்கொள்ளவும் அளவு உண்டு. கேரளத்தில் ஒருவர் கையில் பீர் மூன்றரை லிட்டர், ஒயின் மூன்றரை லிட்டர், இந்தியத் தயாரிப்பு அயல்நாட்டு மது 3 லிட்டர், கள் ஒன்றரை லிட்டர் வரை இருக்கலாம். பீர் 650 மி.லி. பாட்டில் என்றால் ஐந்து. வயது 23 ஆகியிருக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் பலர் 21 என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது அங்கே.

3. பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படியுங்கள். எந்த மாநிலத்தில் மட்டும் விற்கலாம் என்று சின்ன எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். மது மாநிலப் பட்டியலில் உள்ள விஷயம். ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக வரி போடுகிறது, தனித்தனியாக லேபிளைப் பதிவு செய்யச் சொல்கிறது. கர்நாடகத்தில் மட்டும் விற்பனைக்கு என்று எழுதியிருக்கும் பாட்டில் கலூரில் ஒரு வீட்டு அலமாரியில் இருந்தால், அது எங்கிருந்து வந்தது என்று வேறு சாட்சி தேடவே வேண்டாம்.

4. "இப்போதுதான் எல்லாம் ஆன்லைனில் வருகிறதே" என்பார்கள். வராது. 2020 மார்ச்சில் ஊரடங்கின்போது, குடி நின்றதால் உடல் நடுங்கித் தவித்தவர்களுக்கு டாக்டர் சீட்டின் பேரில் மது கொடுக்கலாம் என்று கேரள அரசு உத்தரவு போட்டது. ஏப்ரல் 2-ஆம் தேதி உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. மே மாதக் கடைசியில் பெவ்க்யூ என்ற செயலி வந்தது. உருவாக்கியதும் கொச்சி நிறுவனம்தான். அதுகூட வரிசையில் நிற்க டோக்கன் கொடுத்ததே தவிர, வீட்டுக்குக் கொண்டுவந்து தரவில்லை. 2025-இல் அரசு மதுக் கடைகளை நடத்தும் பெவ்கோ வீட்டு விநியோகத்துக்கு யோசனை சொன்னபோதும் அரசு இப்போதைக்கு வேண்டாம் என்றுவிட்டது. மேற்கு வங்கத்திலும் ஒடிசாவிலும் 2020 முதல் வீட்டு விநியோகம் நடக்கிறது. அதுவும் உரிமம் உள்ள கடையிலிருந்து, அந்த மாநிலத்துக்குள். ஆளுக்கு ஆள் தபாலில் அனுப்பிக்கொள்ள அங்கேயும் இடமில்லை.

5. கூரியர் படிவத்தில் பொய் எழுதாதீர்கள். அமெரிக்காவில் அரசுத் தபாலில் மது அனுப்ப 1909-லிருந்தே தடை. தனியார் கூரியர்களும் உரிமம் உள்ள வியாபாரிகளிடம் மட்டுமே வாங்கிக்கொள்ளும். அதனால் அங்கே மாற்றிக்கொள்கிறவர்கள் பெட்டியின் மேல் "ஈஸ்ட் மாதிரி" என்றும் "ஆலிவ் எண்ணெய்" என்றும் எழுதுவது ஊரறிந்த வேடிக்கை. இங்கே அந்த வேடிக்கை வேண்டாம். படிவத்தில் கையெழுத்து உங்களுடையது, ஆதார் நகல் உங்களுடையது. பெட்டி வழியில் கசிந்தால் வாசனையே காட்டிக்கொடுத்துவிடும். பொய் எழுதின சரக்குக்கு இழப்பீடும் கிடையாது.

6. இனி வெயில். எனக்கு இதுதான் பெரிய காரணம். பீர்த் தொழிலில் மூன்று, முப்பது, முந்நூறு என்று ஒரு கணக்கு சொல்வார்கள். 32 டிகிரியில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், ஃபிரிட்ஜ் குளிரான 3 டிகிரியில் 300 நாள்: மூன்றிலும் பீர் ஏறக்குறைய ஒரே அளவு கெடும். துல்லியமான விதி அல்ல, கைக்கணக்கு. ஆனால் கொச்சியை அதில் வைத்துப் பாருங்கள். இங்கே பகல் வெப்பம் வருஷம் முழுக்க 30-ஐ ஒட்டியே நிற்கிறது. வெயிலில் நிற்கும் மூடிய வேனுக்குள் 40-ஐத் தாண்டும். பெங்களூரு பார்சல் வந்து சேர இரண்டு மூன்று நாள், நடுவில் ஞாயிறு வந்தால் இன்னொரு நாள். அதாவது ஃபிரிட்ஜில் பத்து மாதம் வைத்தால் எவ்வளவு பழசாகுமோ அவ்வளவையும் பாட்டில் வழியிலேயே அனுபவித்துவிட்டு வருகிறது.

என்ன கெடும் என்றால், முதலில் ஹாப்ஸ் வாசனை போகும். ஹாப்ஸ் என்பது பீருக்குக் கசப்பும் பழ வாசனையும் தரும் பூ. கிராஃப்ட் பீரில், முக்கியமாக ஐ.பி.ஏ. வகையில், காசு கொடுப்பதே அந்த வாசனைக்குத்தான். அது போனபின் உள்ளே கரைந்திருக்கும் ஆக்சிஜன் வேலை செய்து நனைந்த அட்டையின் வாடையைக் கொண்டுவரும். கருப்பு நிறத்தில், கனமாக, மதுச்சத்து கூடுதலாக உள்ள ஸ்டவுட் வகைகள் கொஞ்சம் தாங்கும். மெல்லிய வகைகள் தாங்கவே தாங்கா. அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்து ஹெடி டாப்பர் என்ற பீருக்காக ஜனங்கள் மாற்றுப் பேரம் பேசியிருக்கிறார்கள். குளிர் நாட்டிலேயே அதைக் குளிரில் வை, சீக்கிரம் குடி என்கிறார்கள். நாம் அப்படிப்பட்ட பீரையே மே மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக லாரியில் ஏற்றப் பார்க்கிறோம்.

7. வெளிச்சமும் எதிரி. வெள்ளைப் பாட்டிலையோ பச்சைப் பாட்டிலையோ நல்ல வெயிலில் வைத்தால் சில நிமிஷத்திலேயே கந்தக வாடை பிறக்கும். ஹாப்ஸின் கசப்புப் பொருளில் ஒளி பட்டு நடக்கும் மாற்றம் அது. பழுப்புக் கண்ணாடி பெரும்பாலும் தடுக்கும், டின் முழுக்கத் தடுக்கும். வீட்டில் வாங்கி வைத்திருப்பவர்கள் ஜன்னல் பக்கம் வைக்காதீர்கள். ஃபிரிட்ஜில் கதவுத் தட்டை விட உள்தட்டு நல்லது, நிற்க வைக்கவும். அவசரக் குளிருக்காக ஃப்ரீசரில் போட்டு மறந்தால் பாட்டில் வெடிக்கும்.

8. 4 டிகிரி குளிரில் பாட்டிலுக்குள் இருக்கும் வாயு அழுத்தம் 30 டிகிரியில் இரண்டரை, மூன்று மடங்காகும். நல்ல பாட்டில் தாங்கும். கழுத்தில் மயிரிழை விரிசல் இருந்தால் தாங்காது. டின் பொதுவாக வெடிக்காது, ஆனால் நசுங்கிய மடிப்பில் கசியும்.

9. காசுக் கணக்கு. பல கூரியர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீள, அகல, உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பார்கள். அதுவும் உண்மையான எடையும் எது அதிகமோ அதற்குப் பணம். ஆறு சின்ன பாட்டிலை உடையாமல் கட்ட 40க்கு 30க்கு 30 பெட்டி வேண்டும். 36,000-ஐ 5,000-ஆல் வகுத்தால் 7.2 கிலோ. தராசில் வைத்தால் நாலு கிலோ சுமார்தான் இருக்கும். கிட்டத்தட்ட பாதிப் பணம் காற்றுக்குப் போகிறது. போகவர இரண்டு பார்சல் என்றால், அந்தப் பணத்தில் ஒருவர் பெங்களூருக்கே பஸ் ஏறிவிடலாம்.

10. பஸ் ஏறுங்கள். அதுதான் சரியான வழி. மைக்ரோ ப்ரூவரிகளில் அங்கேயே காய்ச்சித் தொட்டியிலிருந்து ஊற்றும் பீர் பல நேரம் வடிகட்டாதது, சூடுகாட்டிப் பதப்படுத்தாதது. ஈஸ்ட் உயிரோடு இருக்கும். அது பார்சலுக்காகப் பிறந்ததே இல்லை. புணேயில் 2009-இல் டூலாலி, பெங்களூரு இந்திரா நகரில் 2010-இல் டாய்ட் என்று தொடங்கிய கடைகளுக்கு ஜனங்கள் போவதே அந்தப் புதுசுக்காகத்தான். பீர் கைமாறுவதைக் காய்ச்சுகிறவர்களே விரும்பாத இடமும் உண்டு. பெல்ஜியத்தில் வெஸ்ட்விளெடரன் என்ற ஊரின் மடத்துத் துறவிகள் காய்ச்சும் பீர் உலகப் புகழ் பெற்றது. வாங்கினவர் மறுபடி விற்கக் கூடாது என்பது அவர்கள் போடும் நிபந்தனை.

11. லட்சத்தீவுக்குப் பொருள் அனுப்புபவர்கள் கொச்சியில் நிறைய. வில்லிங்டன் தீவுத் துறையிலிருந்து கப்பலேறும் பெட்டியில் மது இருக்கவே கூடாது. பங்காரம் தீவு நீங்கலாக அங்கே மதுவிலக்கு. குஜராத், பீகார் மாநிலங்களுக்கும் இதேதான். விமானத்தில் செக்-இன் பையில் 24 முதல் 70 சதவீத மது ஆளுக்கு 5 லிட்டர் வரை விடுவார்கள் என்பது விமானப் பாதுகாப்பு விதி மட்டும். இறங்குகிற மாநிலத்தின் சட்டம் அதற்கு மேல் நிற்கிறது. வளைகுடாவிலிருந்து வருகிற உறவினருக்குச் சுங்கத்தில் சலுகை மொத்தம் 2 லிட்டர், பீரும் அதில் சேர்த்தி.

12. டிசம்பரில் பக்கத்து வீட்டு ஆன்ட்டி கேக்கோடு திராட்சை ஒயினும் கொடுப்பார். கொச்சியின் பழைய வழக்கம், அன்பான வழக்கம். ஆனால் வீட்டில் ஒயின் ஊறவைப்பதும் ஆப்காரிச் சட்டப்படி குற்றம் என்று 2019 டிசம்பரில் கேரள கலால் துறை எச்சரிக்கை விடுத்தது. அந்தப் பாட்டிலைச் சென்னைக்கு அனுப்ப நினைக்கவே வேண்டாம். நுரைத்துக்கொண்டே போகிற சரக்கு வேறு.

13. திராட்சைச் சுவையைத்தான் அனுப்ப வேண்டும் என்றால் ஸ்குவாஷ் செய்யுங்கள். கருப்புத் திராட்சையை மசித்துச் சூடாக்கி வடிகட்டி, சர்க்கரைப் பாகு ஆறினதும் சேர்க்கவும். கலவையில் பழச்சாறு கால் பங்குக்குக் குறையக் கூடாது, சர்க்கரை நன்றாக இருக்க வேண்டும். லிட்டருக்கு அரை கிராம் சோடியம் பென்சோயேட்டைக் கொஞ்சம் சாற்றில் கரைத்துச் சேர்த்தால் புளிக்காது. பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் போடாதீர்கள், திராட்சை நிறம் வெளுத்துவிடும். அது எலுமிச்சை, மாம்பழத்துக்கு.

14. புளிக்கிற எதையும் பார்சல் செய்யாதீர்கள். வீட்டில் செய்யும் இஞ்சி பீர், தோசை மாவு எல்லாம் இதில் அடக்கம். இறுக்கி மூடின டப்பாவில் மாவு அனுப்பினால் கூரியர் கடைக்காரர் ஆயுசுக்கும் உங்களை மறக்க மாட்டார்.

15. தேங்காய் எண்ணெய் அனுப்பத் தகுந்த பொருள். ஆனால் விளிம்பு வரை ஊற்றாதீர்கள். 20 டிகிரி வெப்பம் கூடினால் ஒரு லிட்டர் எண்ணெய் 14, 15 மி.லி. பெருகும். 25 டிகிரிக்குக் கீழே உறைந்திருந்து பிறகு உருகினால் இன்னும் கொஞ்சம். கழுத்தளவு இடம் விடுங்கள். உறைந்த நிலையில் பார்த்துக் கசியவில்லை என்று நம்பிவிட வேண்டாம். உருகின பிறகுதான் தெரியும்.

16. மூடி போடும் விதம்: பாட்டில் வாயை ஈரமில்லாமல் துடைத்து, ஒரு துண்டு பாலிதீனை விரித்து, அதன் மேல் மூடியைத் திருகவும். மூடியும் கழுத்தும் சேரும் இடத்தில் எலெக்ட்ரீஷியன் டேப்பை இழுத்துச் சுற்றவும். சாதாரண செல்லோ டேப் எண்ணெய் பட்டால் கழன்றுவிடும். பிறகு தலைகீழாக ஓர் இரவு தட்டில் நிறுத்தி வைக்கவும். காலையில் தட்டு காய்ந்திருந்தால் மட்டுமே மேலே போகவும்.

17. ஒவ்வொரு பாட்டிலும் தனித்தனி ஜிப் கவரில். கவருக்குள் பழைய பருத்தித் துணியோ குழந்தைகளின் டயப்பரோ ஒன்று. பாட்டில் உடைந்தாலும் பக்கத்துப் பார்சலை நனைக்காது. டயப்பர் யோசனை மீன் ஊறுகாய்க்கும் பிரமாதம்.

18. பாட்டிலும் பாட்டிலும் தொடக் கூடாது. பாட்டில் பெட்டிச் சுவரையும் தொடக் கூடாது. நாலு புறமும் 5 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, கசக்கின செய்தித்தாளை இறுக்கி நிரப்பவும். கண்ணாடி உடைவது பெரும்பாலும் அடியில், கழுத்தில். அந்த இரண்டு இடத்துக்கும் பபிள் ரேப் இரட்டைச் சுற்று. மூடின பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். சத்தம் கேட்டால் பிரித்து மறுபடி கட்டவும்.

19. ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே அட்டைப்பெட்டி ஈரத்தை உறிஞ்சித் துவண்டுவிடும். பழைய பெட்டி வேண்டாம். உள்ளே பெரிய பிளாஸ்டிக் கவர் ஒன்று விரித்து, அதற்குள் எல்லாவற்றையும் அடுக்கி, வாயை முடிந்துவிடவும். பெட்டியின் மேல் விலாசத்தைப் பால் பாயின்ட் பேனாவில் எழுதி அதன் மேல் டேப் ஒட்டவும். பின்கோடைப் பெரிதாக எழுதுங்கள். கலூர் 682017, மட்டாஞ்சேரி 682002. உள்ளேயும் ஒரு விலாசச் சீட்டு போட்டு வைத்தால், வெளியே கிழிந்தாலும் பெட்டி அநாதையாகாது.

20. மாற்றிக்கொள்ளும் ஆசை தப்பில்லை, பொருள்தான் தப்பு. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் நல்ல மிளகும் சுக்கும் குடம்புளியும் வாங்கி அனுப்புங்கள். பெங்களூரு நண்பன் குடகுக் காப்பிக்கொட்டையை அனுப்பட்டும். எடை குறைவு, உடையாது, வெயிலுக்குக் கெடாது. ஒரு முறை அனுப்பினால் ஆறு மாதம் பேசிக்கொள்ளலாம். நேந்திரங்காய்ச் சிப்ஸ் மட்டும் வேண்டாம், அங்கே போய்ச் சேரும்போது பொடியாகியிருக்கும்.

21. பீர்ப் பைத்தியம் விடாது என்பவர்கள் லேபிளை மாற்றிக்கொள்ளலாம். வெந்நீரில் இரண்டு ஸ்பூன் சலவை சோடா கரைத்து, காலி பாட்டிலை அரை மணி நேரம் ஊறவைத்தால் லேபிள் தானாக உரியும். பழைய புத்தகத்துக்குள் வைத்து நீவிக் காயவிடவும். மூடி, மேசையில் கிளாஸுக்கு அடியில் வைக்கும் அட்டை ஆகியவற்றையும் சேர்க்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். சாதாரணத் தபால் உறையில் போகும், எந்தச் சட்டமும் குறுக்கே வராது. கழுவின பழுப்புப் பாட்டிலை வீசாதீர்கள். நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் ஊற்றி வைக்க அதுவே சிறந்தது. வெளிச்சம் பட்டால் எண்ணெய்க்கும் சிக்கு வாடை வரும். தக்கை மட்டும் புதிதாக வாங்கிக்கொள்ளவும், பழைய மூடி மறுபடி இறுகாது.

22. கடைசியாக ஓர் எச்சரிக்கை. "கலூரில் வீட்டுக்கே பீர்" என்று போனில் விளம்பரம் வந்தால் அது மோசடி. ஊரடங்குக் காலத்தில் மதுக்கடைப் பெயரில் போலிப் பக்கம் திறந்து, முன்பணம் கேட்டு, ஓ.டி.பி. வாங்கி, கணக்கையே துடைத்த கதைகள் பல ஊர்களில் நடந்தன. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, போன பணத்தை வங்கியில் நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு.